குதிரை கூடினால் சூடும் கூடும்

“இஞ்சின் மாத்தியாச்சு, டர்போவும் போட்டாச்சு. ஆனா சிரம்பான் போய்ச் சேர்றதுக்குள்ள சூடு ஏறிடுதுண்ணே.” கோலா சாவாவில் நான் வைத்திருக்கும் பட்டறைக்கு வரும் இளைஞர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். இவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். இப்போது சேனாவாங்கிலோ நீலாயிலோ வேலை. கையில் சம்பளம் வந்ததும் அப்பா ஓட்டிய வீராவையோ சத்ரியாவையோ வேகமான காடியாக்கிப் பார்க்க ஆசை. ஆசையில் தவறில்லை. வாங்கும் வரிசையில்தான் தவறு. இஞ்சின் முதலில், டர்போ அடுத்து, ரிம் அதற்கடுத்து, குளிர்விக்கும் ஏற்பாடு கடைசியில். அது முதலில் வர வேண்டியது என்பதை இந்த வாரம் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். இஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குக் கிடைக்கிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். வீரா 1.5 இஞ்சினுக்கு 90-க்கு அருகில் குதிரைச் சக்தி. அதை எடுத்துவிட்டு, ஜப்பானிலிருந்து வரும் ‘ஹாஃப்-கட்’ காடியின் 1.8 டர்போ இஞ்சினை வைத்தால் அது ஏறக்குறைய 200. ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். மிதியை முழுதாக அழுத்தும்போது இந்த டர்போ இஞ்சின் தண்ணீருக்குள் தள்ளும் வெப்பம் ஏறக்குறைய 100 கிலோவாட். வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் மின்சாரக் கேத்தல் 2 கிலோவாட் என்று வைத்தால், போனட்டுக்குள் 50 கேத்தல் ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம். பழைய 1.5-க்கு அது 20, 25 கேத்தல்தான். ரேடியேட்டரும் விசிறியும் அந்தப் பழைய கணக்குக்காகச் செய்யப்பட்டவை.

சாலையில் யாரும் எப்போதும் முழு மிதியில் ஓட்டுவதில்லை என்பது உண்மை. அதனால்தான் பல காடிகள் தப்பிக்கின்றன. ஆனால் சிரம்பானிலிருந்து கோலாப்பிலா போகும் வழியில் புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏர்கோனைப் போட்டு ஏறினால், அந்தக் கணக்கு வந்து முன்னால் நிற்கும்.

வெளிநாட்டுக் கணக்கு இங்கே செல்லாது

வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதே இஞ்சினை இதே ரேடியேட்டரோடு ஓட்டுகிறாரே என்று வீடியோவைக் காட்டுவார்கள். ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது, தண்ணீரின் சூட்டுக்கும் அதன் மேல் வீசும் காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. தண்ணீர் 90 பாகை என்று வையுங்கள். அவர் ஊரில் காற்று 15 பாகை, இடைவெளி 75. இங்கே மதியம் காற்று 33, இடைவெளி 57. இங்கேயே கால்பங்கு போய்விட்டது. நெரிசலில் நிற்கும்போது தார்ச்சாலையின் சூடு, முன்னால் நிற்கும் லோரியின் புகை, அதன்பின் ஏர்கோன் கண்டென்சர், இண்டர்கூலர் இரண்டையும் தாண்டித்தான் காற்று ரேடியேட்டரைத் தொடுகிறது. அப்போது அந்தக் காற்றே 50 பாகையாக இருந்தால் இடைவெளி வெறும் 40. அவருக்குக் கிடைப்பதில் பாதிதான் நமக்கு.

உலகத்தின் மிகச் சிறந்த பொறியாளர்களுக்கும் நம் நாட்டில் இதே தலைவலி இருந்தது. நம்மிடமிருந்து அதிகத் தூரமில்லாத சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் அங்கே ஜோர்டான் அணிக்காக ஓட்டி 11-ஆவதாக முடித்தது பலருக்கு நினைவிருக்கும். சிப்பாங் போன்ற சூடான ஊர்களில் அணிகள் காடியின் உடம்பில் சூடான காற்று வெளியேறும் வாயை அகலப்படுத்துவார்கள். அப்படிச் செய்தால் காற்றுத் தடை கூடி வேகம் கொஞ்சம் குறையும். தெரிந்தேதான் செய்வார்கள். கடைசிச் சுற்றுவரை ஓடாத இஞ்சினுக்கு வேகம் இருந்து என்ன பயன்?

அந்த சத்ரியா

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி சத்ரியா ஒன்றைக் கொண்டுவந்தார். சேனாவாங்கில் தொழில்நுட்பர் வேலை. இரண்டு ஆண்டுச் சேமிப்பை 1.8 டர்போ இஞ்சினில் போட்டிருந்தார். சூடு ஏறியதும் பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்கினார், அதிலும் ஏறியது. அதைவிடத் தடிமனான இன்னொன்றை வாங்கினார், அதிலும் ஏறியது. வீட்டில் இருப்பது இந்த ஒரு காடிதான். அம்மாவைச் சிரம்பான் மருத்துவமனைக்குத் தவறாமல் அழைத்துப் போக வேண்டும். கூட வந்திருந்த அப்பா பழைய தோட்டத்து லோரி ஓட்டுநர். அவர் சொன்னது ஒன்றுதான்: “காசு அவன் காசு. என்ன வேணும்னாலும் போடட்டும். அம்மா ஏர்றது இதுலதானே?”

மூன்றாவது ரேடியேட்டர் வாங்கும் பேச்சை நிறுத்திவிட்டு, எப்போது சூடு ஏறுகிறது என்று கேட்டேன். ஓடும்போது நன்றாக இருக்கிறது, மம்பாவ் சமிக்ஞை விளக்கில் நின்றால் ஏறுகிறது என்றார். நோயில் பாதி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால் குறை காற்றில். விசிறியையும் அதைச் சுற்றியுள்ளதையும் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து, வேகத்தில் ஏறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில். அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சும்போது சுருங்கிப்போகும் கீழ் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எப்போதும் ஏறினால், தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

எதையும் கழற்றுமுன் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டேன். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் சோதனைத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் அதன் நீல நிறம் மஞ்சளாக மாறும். இதில் மாறவில்லை. அந்தத் தம்பியின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. இந்த வகை இஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியம் வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் கேஸ்கட் பிடிக்காது. ஹெட்டைக் கழற்றி மட்டம் பிடிக்க வேண்டும். அதோடு அவருடைய சேமிப்பு தீர்ந்திருக்கும்.

பிறகு முன்பக்கத்தைப் பிரித்தோம். இண்டர்கூலர் குழாய்க்கு இடம் வேண்டும் என்று பழைய விசிறியையும் அதன் பிளாஸ்டிக் கூட்டையும் யாரோ கழற்றிவிட்டு, இரண்டு மெல்லிய விசிறிகளை ரேடியேட்டர் மேலேயே கட்டியிருந்தார்கள். அதில் ஒன்றுக்கு வயரை மாற்றிக் கொடுத்ததால் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. ஒன்று காற்றை இழுக்க, மற்றது தள்ளிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் பயனில்லை.

காற்று சோம்பேறி

அந்தப் பிளாஸ்டிக் கூட்டை ‘ஃபேன் ஷ்ரவுட்’ என்பார்கள். இடத்தை அடைக்கும் வெறும் பிளாஸ்டிக் என்று நினைத்துத்தான் முதலில் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும். கூடு இருந்தால் ரேடியேட்டரின் நான்கு மூலையிலிருந்தும் இழுக்கும். நிற்கும் காடிக்கு விசிறிதான் மூச்சு. அதைப் பாதி ரேடியேட்டருக்கு மட்டும் கொடுத்தால் மீதிப் பாதிக்குக் கொடுத்த காசு வீண்.

இரண்டாவது, ஓட்டை. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் பார்க்கும். ரேடியேட்டரின் பக்கத்திலும் மேலேயும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால், நெருக்கமான தகடுகளுக்குள் நுழைய அதற்கு என்ன அவசியம்? பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் முகம்வரை அலுமினியத் தகடும் நுரைப் பட்டையும் வைத்து எல்லா இடைவெளியையும் அடைத்தோம். ஆன செலவு மிகக் குறைவு. வேகத்தில் ஓடும்போது இந்தச் சிறு வேலை கொடுக்கும் பலனைப் பல நேரம் பெரிய ரேடியேட்டர் கொடுக்காது.

மூன்றாவது, வெளியேறும் வழி. உள்ளே போன காற்று வெளியே வர வேண்டுமே. இஞ்சினுக்கு அடியில் உள்ள கவசத்தைக் கழற்றிப் போட்டால் சூடு குறையும் என்பது பாதி உண்மை. சில காடிகளில் அந்தக் கவசம்தான் காற்றை ஒழுங்காக இழுத்து வெளியேற்றுகிறது. அதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை, வாஷர் வைத்துப் போனட்டின் பின்பக்கத்தைத் தூக்கி வைப்பது. கண்ணாடிக்கு அடியில் உள்ள அந்த இடத்தில் ஓடும்போது காற்றழுத்தம் அதிகம். வேகத்தில் அது காற்றை வெளியே விடாமல் உள்ளே தள்ளும். போனட்டில் திறப்பு வேண்டுமானால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், முன்பகுதியில் வைக்க வேண்டும்.

தோட்டப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. செம்மண் தூசி, லாலாங் பூவின் பஞ்சு, இரவுப் பூச்சிகள் எல்லாம் போய்த் தங்குவது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது இரண்டையும் பிரித்து, இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் தகடுகள் மடிந்து அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர், மூடி, தெர்மோஸ்டாட்

அந்த சத்ரியாவில் இருந்தது குழாய்த் தண்ணீர். துரு கலந்து தேயிலை நிறத்துக்கு வந்திருந்தது. நம் நாட்டில் தண்ணீர் உறையாது, பிறகு எதற்குக் கூலன்ட் என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணையில்லை என்பது சரிதான். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அந்தத் திறன் கொஞ்சம் குறையவே செய்யும். ஆனால் கூலன்டில் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் அலுமினிய ஹெட்டும் வாட்டர் பம்பும் உள்ளுக்குள் கரையும். நம் ஊருக்குப் பாட்டிலில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச அளவில் கூலன்ட், மிச்சத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் போதும். கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டாம்.

ரேடியேட்டர் மூடி மலிவான பொருள். ஆனால் அதன் வேலை பெரிது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் சுமார் 118 பாகைவரை கொதிக்காது. ரப்பர் தேய்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. ஹெட்டுக்குள் அங்கங்கே தண்ணீர் நீராவியாகும்; நீராவி நிற்கும் இடத்தில் உலோகத்தைக் குளிர்விக்க எதுவுமில்லை. பழைய மூடியை மாற்றுங்கள். அதற்காக மிக அதிக அழுத்தமுள்ள மூடியும் வேண்டாம். பழைய ஹோஸும் ரேடியேட்டர் தொட்டியும் தாங்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் பரம்பரை வைத்தியம். இந்தக் காடியிலும் அது இல்லை. தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. பல இஞ்சின்களில் முழுதாகத் திறக்கும்போது அதே தெர்மோஸ்டாட் பக்கவழியை மூடி, தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். அப்படிப்பட்ட இஞ்சினில் அதைக் கழற்றினால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இஞ்சினுக்குத் திரும்பிவிடும். சூடு குறைய வேண்டிய நேரத்தில் கூடும். இன்னொரு பக்கம், காலையில் இஞ்சின் சூடாக நேரமாகும், கணினி அதிகப் பெட்ரோலை ஊற்றும், உருளைகள் தேயும். சந்தேகமாக இருந்தால் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் புதியது வாங்கிப் போடுங்கள்.

சூடு பிறக்கும் இடம்

இதுவரை சொன்னது சூட்டை வெளியேற்றுவது பற்றி. சூடு பிறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். இந்தத் தம்பியின் டர்போ ரோன் 97 பெட்ரோலுக்கு டியூன் செய்யப்பட்டிருந்தது. சம்பள வாரத்தில் 97. மாதக் கடைசியில் 95. இது பலர் வீட்டு நிலைமைதான். ஆனால் இஞ்சினுக்கு அது தெரியாது. தாழ்ந்த ரோன் பெட்ரோல் அதே அழுத்தத்தில் நேரம் தவறி வெடிக்கும். அதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறோம். அது வந்தால் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் பாயும் வெப்பம் சட்டென்று கூடும். எந்த ரேடியேட்டரும் அதை ஈடுகட்டாது. நீங்கள் உண்மையில் எதை ஊற்றுகிறீர்களோ அதற்கே டியூன் செய்யுங்கள். கொஞ்சம் பூஸ்ட் குறையட்டும். பத்துப் பதினைந்து குதிரை போகும், இஞ்சின் இருக்கும்.

எண்ணெயை மறக்க வேண்டாம். டர்போவின் தண்டைக் காப்பாற்றுவதும் பிஸ்டனின் அடியைக் குளிர்விப்பதும் எண்ணெய்தான். 90 முதல் 110 பாகைக்குள் இருந்தால் நல்லது. 130-ஐத் தாண்டி நின்றால் எண்ணெய்க்கும் தனிக் குளிர்விப்பான் தேவை. அதிலும் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பாருங்கள். ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிய பிறகு கடைசி ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட்டி, அதன்பின் இஞ்சினை நிறுத்துங்கள்.

அந்த சத்ரியாவில் பழைய உதிரிபாகக் கடையிலிருந்து கூடோடு கூடிய விசிறி வாங்கி, தடித்த வயரும் ரிலேயும் வைத்து மாட்டினோம். தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட் எல்லாம் புதிது. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் போகும்வரை மூக்கைத் தூக்கி நிறுத்திப் பொறுமையாக நிரப்பினோம். டியூனிங் ரோன் 95-க்கு மாற்றப்பட்டது. முன்பு சமிக்ஞை விளக்கில் 108-க்கு ஏறிய மீட்டர் அடுத்த வாரம் 94-இல் நின்றது. புக்கிட் புத்துஸிலும் 100-ஐத் தொடவில்லை. மொத்தச் செலவு, அவர் வாங்கிய இரண்டாவது ரேடியேட்டரின் விலையைவிடக் குறைவு. “இதை முதல்லயே செஞ்சிருக்கலாமேடா,” என்றார் அப்பா. மகன் வாயைத் திறக்கவில்லை.

சாலையில் கொதித்துவிட்டால்

காடியோடு வந்த மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பல காடிகளில் அந்த முள் நடுவிலேயே நின்றுவிட்டு, ஆபத்து வந்த பிறகுதான் மேலே போகும். தண்ணீர் முழுதும் கொட்டிவிட்டால் உணரி வெறும் காற்றில் நிற்கும். முள் சூட்டைக் காட்டாமல் இறங்கக்கூடச் செய்யும். எண் காட்டும், சத்தம் போடும் தனி மீட்டர் ஒன்று, மாற்றியமைத்த ஒவ்வொரு இஞ்சினுக்கும் அவசியம்.

ஏறத் தொடங்கியதும் ஏர்கோனை அடையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஹீட்டர் உள்ள காடியானால் அதை முழுதாகத் திறங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இறங்காவிட்டால், ஆவி வந்தால், பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். நெடுஞ்சாலையில் என்றால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். மூடியில் கை வைக்க வேண்டாம். உள்ளே இருப்பது 100 பாகைக்கு மேற்பட்ட தண்ணீர். மூடி தளர்ந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடியும் அளவுக்கு ஆறும்வரை, அரைமணி நேரமோ அதற்கு மேலோ, காத்திருங்கள். சூடான இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றவே வேண்டாம், ஹெட் வெடிக்கும்.

கடைசியாகச் சட்டம். இஞ்சினை மாற்றினால் ஜேபிஜே அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். புதிய இஞ்சின் எண் காடியின் பதிவில் ஏற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாத காடி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டில் சிக்கல் வரும். அதைச் சுமப்பது முழுக் குடும்பமும்தான்.

ஆகவே, இஞ்சின் வாங்கப் போகும் தம்பிமார்களுக்கு என் வரிசை இது: முதலில் மீட்டர், பிறகு கூடோடு கூடிய விசிறியும் இடைவெளி அடைப்பும், அதன்பின் மூடி, தெர்மோஸ்டாட், கூலன்ட், அதற்குப் பிறகும் தேவையென்றால் ரேடியேட்டரும் எண்ணெய்க் குளிர்விப்பானும். இவற்றுக்குக் காசை ஒதுக்கிவிட்டு மிஞ்சுவதில் எத்தனை குதிரை வாங்க முடிகிறதோ, அத்தனைதான் உங்கள் காடி தாங்கும் குதிரை.

அந்தக் குதிரைகளை நிறுத்தும் பிரேக் பற்றி அடுத்த வாரம்.